பதினாலில் உடைந்த குரல்

“கையை எடுக்காதீங்க! நெஞ்சுக்கு நடுவுல வச்சு அழுத்துங்க. நான் எண்றேன், எண்ணிக்கைக்கு ஒரு அழுத்து. ஒண்ணு, ரெண்டு, மூணு...”

ஏழாம் சீட் எண்ணிக்கொண்டிருந்தாள். ஹெட்செட்டின் அந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர், நடுரோட்டில் மண்டி போட்டு, தன் அண்ணனின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். அவன் மூச்சு இரைப்பது இவள் காதுக்குள் இரைந்தது.

“...பன்னண்டு, பதிமூணு, பதினா...”

அவ்வளவுதான். வாய் அசைந்தது, காற்று வந்தது, சத்தம் வரவில்லை. கனமான பீரோவைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு மட்டும்.

“அக்கா? அக்கா! லைன்ல இருக்கீங்களா? என்ன பண்ணட்டும்கா?”

அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிவப்பு பட்டனை ஓங்கித் தட்டினாள். அழைப்பு பக்கத்து சீட்டுக்குத் தாவியது. எட்டாம் சீட்காரர் வாயில் இருந்த பிஸ்கட்டைத் துப்பிவிட்டுப் பிடித்துக்கொண்டார். “இருக்கோம் தம்பி, இருக்கோம். கையை வைங்க. ஒண்ணு, ரெண்டு...”

ஒரு சீட்டிலிருந்து இன்னொன்றுக்கு அழைப்பு மாற எட்டு வினாடி. அந்த எட்டு வினாடி யாரும் அந்த நெஞ்சை அழுத்தவில்லை.

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. அண்ணன் பிழைத்துவிட்டார். ஆனாலும் அந்த எட்டு வினாடி அவள் காதுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பன்னிரண்டு சீட்டு. யாருக்கும் அங்கே பெயர் கிடையாது, எண்தான். எதிர்ச் சுவரில் ஆள் உயர எழுத்தில் ஒரே ஒரு பலகை: ‘முதலில் முகவரி. மற்றதெல்லாம் பிறகு.’ லைன் அறுந்தாலும் வண்டி போய்ச் சேர வேண்டுமல்லவா, அதற்காக. பதினோரு வருஷத்தில் அவள் அந்தக் கேள்வியைத் தூக்கத்தில்கூடக் கேட்டிருக்கிறாள். ஒருமுறை ராங் நம்பரில் கூப்பிட்ட தையல்காரரிடம்கூட முகவரி வாங்கிவிட்டாள். வண்டி கிளம்பாததுதான் பாக்கி.

ஷிப்ட் முடிந்ததும் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். எதையும் வினாடிக் கணக்கில் பேசுகிறவர் என்பதால் அவருக்கு ‘ஸ்டாப்வாட்ச்’ என்று பட்டப்பெயர்.

“இந்த மாசத்துல மூணாவது தடவை, ஏழு.”

“சளி சார்,” என்றாள் கரகரத்துக்கொண்டு.

“ஆறு மாசமாவா? சளிக்கே சலிச்சுப் போயிருக்குமே.” தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி நகர்த்தினார். நல்ல மனுஷன். அதனால்தான் அடுத்து அவர் சொன்னது இன்னும் வலித்தது. “எட்டு வாரம் தர்றேன். அதுவரைக்கும் பாதி ஷிப்ட், சின்ன அழைப்பு மட்டும். எட்டு வாரம் கழிச்சு நானே பக்கத்துல உக்காந்து கேப்பேன். குரல் தாக்குப் பிடிச்சா சீட்டு உன்னுது. இல்லன்னா மாடியில பதிவறை. அங்க அலமாரியோடதான் பேசணும். அது திரும்பிப் பேசாது.”

மறுநாள் தொண்டை டாக்டர் அவள் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டார். திரையில் ஈரமாக, இளஞ்சிவப்பாக அவள் தொண்டை தெரிந்தது.

“ரெண்டு குரல் நாணும் சுத்தமா இருக்கும்மா. கட்டி இல்ல, புண் இல்ல.”

“அப்ப ஏன் டாக்டர் இப்படி?”

“சுத்தியிருக்கிற தசையெல்லாம் சேர்ந்து நெருக்குது. பேசலாம்னு நினைச்சாலே கழுத்து முஷ்டியா மூடிக்குது. மாத்திரை எழுதற கேஸ் இல்ல இது. கீழ்த்தளத்துல குரல் பயிற்சியாளர் இருக்காங்க, போய்ப் பாருங்க.”

பயிற்சியாளர் இவளைவிடப் பத்து வயது சின்னவள். கையில் கடிகாரம், காலில் விளையாட்டுக்காரர்கள் போடும் ஷூ. எடுத்த எடுப்பில், “இருமுங்க,” என்றாள்.

ஏழு இருமினாள். அறை அதிர்ந்தது.

“கேட்டீங்களா? எவ்வளவு தெளிவா வந்தது! குரல் எங்கயும் ஓடிப் போகல. உள்ளதான் இருக்கு. நீங்கதான் குரல்வளையைத் தூக்கிப் பிடிச்சு நெரிக்கிறீங்க.” கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகத் தொண்டை எலும்பின் இரண்டு பக்கமும் பிடித்து, மெல்லத் தேய்த்துக் கீழே இறக்கினாள். “வலிக்குதா?”

“என்னைக் கொலை பண்றீங்க.”

“நான் இல்ல. ஆறு மாசமா நீங்களே பண்ணிக்கிட்டிருக்கீங்க, நான் தடுக்க வந்திருக்கேன்.”

பிறகு அரை டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் வந்தன. ஸ்ட்ரா முனையைத் தண்ணீரில் இரண்டு விரல் ஆழம் அமிழ்த்தி, உதட்டால் கவ்வி, ‘ஊ’ என்று சத்தத்தோடு ஊத வேண்டும். குமிழி ஒரே சீராக வந்தால் கழுத்து இளகுகிறது என்று அர்த்தம். விட்டுவிட்டு வந்தால் மறுபடி நெரிக்கிறாள் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை.

“கிசுகிசுன்னு பேசிக் குரலைக் காப்பாத்தறேன்னு நினைக்காதீங்க. அது இன்னும் மோசம். சரி, இது எப்ப ஆரம்பிச்சது?”

“மழையில நனைஞ்சேன்,” என்றாள் ஏழு. கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

பயிற்சியாளர் அதை எழுதிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

வீட்டில் மூன்று பேர். ஏழு, அவள் கணவன், மாமியார். கணவன் கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். ஆறு மாதம் முன்பு ஒரு காலை நேரம், சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே சாய்ந்தவன். இதயம் நின்று, ஓடி, இப்போது நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவியோடு மறுபடி கடைக்குப் போகிறான். அன்று வீட்டில் இருந்தது மாமியார் மட்டும்தான். ஃபோனில் ஒரு பெண் எண்ணச் சொல்ல, எழுபதை நெருங்கிய அந்தக் கையே அவனை அழுத்தி எழுப்பியது. அதில் வலது மணிக்கட்டு பிசகியது. இன்னும் பட்டைத் துணிக் கட்டோடுதான் நடமாடுகிறார்.

மாமியார் முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முகவரியைப் படித்து மார்க் போட்ட பிறகுதான் மற்றவர் கைக்குத் தருவார். “உள்ள என்ன எழுதியிருந்தா எனக்கென்ன? வெளியில ஒழுங்கா எழுதத் தெரிஞ்சிருக்கா பாரு.”

முதல் நாள் சமையலறையில் குமிழிச் சத்தம் கேட்டு கணவன் எட்டிப் பார்த்தான்.

“அடுப்புல என்னடா கொதிக்குதுன்னு ஓடி வந்தா, என் பொண்டாட்டி!”

அவள் ஸ்ட்ராவோடு முறைத்தாள்.

“முறைக்காதீங்க மேடம், குமிழி உடையுது பாருங்க. நகருங்க, நானும் ஊதறேன். எனக்கும் டாக்டர் மூச்சுப் பயிற்சி பண்ணுன்னுதானே சொன்னாரு.” இன்னொரு டம்ளர் வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ‘ஊ’ என்று ஊதினார்கள். மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்.

“ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஏன்டா, நீ ஊதறதுல பாதி மேசை மேல நிக்குது. மருமக தேவலை.” பிறகு வழக்கமான பல்லவியை ஆரம்பித்தார். “இருந்தாலும் அந்த ஃபோன் பொண்ணு குரல் வருமா? என்ன குரல்! அடிச்சா அடி, அணைச்சா அணைப்பு. ‘அழுத்துங்கம்மா’ன்னா ஒரு அதட்டல். அந்த அதட்டல்லதான் இவன் எந்திரிச்சான்.”

“சரிம்மா,” என்றான் கணவன். “இத நீ சொல்றது நூத்தி எட்டாவது தடவை.”

“அவளை முன்னாடியே பார்த்திருந்தா அவளையே உனக்குக் கட்டி வச்சிருப்பேன்.” மாமியார் மருமகளைப் பார்த்தார். “உங்க ஆபீஸ்தானே? யாருன்னு கண்டுபிடிச்சியா இல்லையா?”

“மூணு ஷிப்ட், பன்னண்டு சீட்டு அத்தை. யாருன்னு தேட?”

“தேடு, தேடு. ஒரு நன்றி சொல்லாம என் கட்டை வேகாது.”

ஏழு குனிந்து ஊதினாள். குமிழி விட்டுவிட்டு வந்தது.

ஐந்து வாரம் ஓடியது. ஸ்ட்ராவிலிருந்து ‘ம்ம்’ என்ற முனகலுக்கு வந்தாள். உதடு கூசும் அளவுக்கு முனக வேண்டும். அதிலிருந்து வார்த்தை, வார்த்தையிலிருந்து வாக்கியம். சிகிச்சை அறையில் குரல் தண்ணீர் மாதிரி ஓடியது. சீட்டில் போய் உட்கார்ந்து ஒரு மயக்கக் கேஸ் வந்தால் போதும், கழுத்து கதவைச் சாத்திக்கொண்டது.

ஆறாம் வாரம் பயிற்சியாளர் எங்கிருந்தோ ஒரு ஹெட்செட்டைக் கொண்டுவந்து அவள் தலையில் மாட்டினாள். தான் அறைக்கு வெளியே போய், கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே ஃபோனில் கத்தினாள். “ஐயோ! எங்கப்பா விழுந்துட்டாரு! சீக்கிரம் வாங்க!”

நடிப்பு ரொம்ப சுமார். ஆனாலும் ஏழின் முதுகு தானாக நிமிர்ந்தது. முகவரி கேட்டாள். “மூச்சு விடுறாரா? ஃபோனை அவர் வாய்கிட்ட வைங்க,” என்றாள். கேட்டாள். பிறகு எண்ண ஆரம்பித்தாள்.

பதினாலில் உடைந்தது.

பயிற்சியாளர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். லாட்டரி விழுந்த முகம்.

“இப்ப என்ன பண்ணீங்க?”

“மூச்சு வருதான்னு கேட்டேன்.”

“அவர் மூச்சு சரி. அப்ப உங்க மூச்சு?”

ஏழு யோசித்தாள். விழுந்து கிடப்பவரின் மூச்சு ஃபோனில் பட்டும் படாமலும்தான் கேட்கும். அது காதில் விழ, தன் மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்பாள். அந்த அறையில் எல்லோரும் அப்படித்தான். யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்த பழக்கம்.

“எட்டாம் சீட்டும் நிறுத்துவாரே.”

“நிறுத்துவாரு. அப்புறம் எடுத்துக்குவாரு. நீங்க எடுக்கவே இல்ல. காலி நெஞ்சோட ஆரம்பிச்சு, கழுத்தைப் பிழிஞ்சு பிழிஞ்சு எண்றீங்க. பதினாலுல ஒரு மாயமும் இல்ல. அதுக்கு மேல பிழிய ஒண்ணுமில்ல, அவ்வளவுதான்.”

“பதினோரு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். முன்னாடி உடையலையே?”

“அதான் எனக்கும் இடிச்சது.” பயிற்சியாளர் நாற்காலியை நெருக்கிப் போட்டாள். “நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே, உங்க பழைய அழைப்புகள்ல உங்க பக்கக் குரல் மட்டும் வேணும்னு? நாள் வாரியா கேட்டேன். மழையில நனைஞ்சா குரல் கொஞ்சம் கொஞ்சமா கெடும். உங்களுது அப்படி இல்ல. குரல் போன அந்த மாசம் பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதே கால் வரைக்கும் ஒரு பொம்பளை பேசறா. ஒன்பதரைக்கு மேல வேற பொம்பளை. நடுவுல ஒரே ஒரு அழைப்பு, பதினோரு நிமிஷம். அதை நான் முழுசா கேக்கல. கேக்கணும்னு தோணல. நீங்களே சொல்றதா இருந்தா சொல்லுங்க.”

ஏழு ஸ்ட்ராவை விரலில் சுருட்டினாள், பிரித்தாள்.

“அது எங்க வீட்டு அழைப்பு,” என்றாள்.

பயிற்சியாளர் பேனாவை மூடி வைத்தாள்.

“எடுத்ததுமே அத்தை குரல்னு தெரிஞ்சு போச்சு. அவங்களுக்கு என் குரல் தெரியல. வீட்டுக் குரல் வேற, சீட்டுக் குரல் வேற. சொந்தக்காரங்க அழைப்புன்னா அடுத்த சீட்டுக்குத் தள்ளிடணும், அதுதான் சட்டம். தள்ள எட்டு வினாடி. எட்டு வினாடி அவர் கிடப்பாரேன்னு தள்ளல. நானே எண்ணினேன். பாதியில அத்தை, ‘ஐயோ கை போச்சும்மா, முடியல’ன்னாங்க. ‘முடியலன்னு சொல்லாதீங்க, அழுத்துங்க’ன்னு அதட்டினேன். மணிக்கட்டு பிசகினது அப்பதான். பெத்த பிள்ளையைக் கண்ணு முன்னால போட்டுக்கிட்டிருக்கிற மனுஷியை நான் அப்படி அதட்டினேன். அதட்டிக்கிட்டே, மனசுக்குள்ள, அவர் போயிட்டாருன்னு முடிவே பண்ணிட்டேன். அவங்க கையில அந்தத் துணிக் கட்டைத் தினமும் சாப்பாட்டு மேசையில பார்க்கறேன். இன்னும் ஒரு சொல்லு அவங்ககிட்ட சொன்னதில்ல.”

“ஏன் சொல்லல?”

“வாக்கு குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“அத்தைக்குத்தான். வண்டி வாசலுக்கு வந்ததும், ‘அம்மா தாயே, உங்க ஆபீஸ்லதான் என் மருமக வேலை செய்யறா. அவகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதே. பயந்தாங்கொள்ளி, கை காலு ஓடாது, பாவம். நான் பக்குவமா சொல்லிக்கறேன்’னாங்க. ‘சரிம்மா, சொல்லல’ன்னேன்.”

“எது, உங்ககிட்டயே...”

“என்கிட்டயே சொல்லமாட்டேன்னு.”

பயிற்சியாளர் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. பக்கென்று சிரித்துவிட்டாள். ஒரு வினாடி ஏழு திகைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“ஒண்ணு கவனிச்சீங்களா?” பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “இவ்வளவு நேரம் பேசியிருக்கீங்க. ஒரு இடத்துலயும் உடையல.”

மிச்சமிருந்த இரண்டு வாரமும் ஒரே பாடம்தான். கேள், மூச்சை எடு, பிறகு எண்ணு. பக்கத்து அறைக்காரர்கள், இங்கே தினமும் யாரோ விழுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

எட்டாவது வாரக் கடைசி நாள். ஸ்டாப்வாட்ச் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டாவது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு கணினித் திரையின் ஓரத்தில் ஒரு துண்டு ஸ்ட்ராவை டேப் போட்டு ஒட்டியிருந்தாள்.

“இது என்ன?”

“நினைவூட்டல் சார்.”

“கூல் டிரிங்க் குடிக்கவா?”

“மூச்சு விட.”

காலையில் ஒரு கால் முறிவு, ஒரு தீக்காயம், தொலைந்துபோன மாத்திரையை எங்கே வைத்தேன் என்று கேட்ட ஒரு பெரியவர். மதியம் மூன்று மணிக்கு அது வந்தது. கேன்டீன் ஒன்றில் சமையல்காரர் சரிந்துவிட்டார். கூப்பிட்டது பாத்திரம் கழுவுகிற பெண்மணி.

“எந்த இடம்மா? எதுக்குப் பக்கத்துல?” முகவரி வந்தது, வண்டி கிளம்பியது. “மூச்சு விடுறாரா? ஃபோனை வாய்கிட்ட வைங்க.”

கேட்டாள். மூச்சு இல்லை. அவள் மூச்சும் நின்றிருந்தது. கண் ஸ்ட்ராவில் பட்டது. இடது கை விலாவுக்குப் போனது. விலா விரிந்தது.

“என்கூட எண்ணுங்கம்மா. ஒண்ணு, ரெண்டு...”

ஸ்டாப்வாட்ச் கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனார். எட்டாம் சீட்காரர் கையில் பிஸ்கட் அப்படியே நின்றது.

“...பதிமூணு, பதினாலு, பதினஞ்சு, பதினாறு...”

முப்பது வரை போனாள். மறுபடி ஒன்றிலிருந்து. ஒன்பது நிமிஷம் அந்தக் குரல் தாக்குப் பிடித்தது. அந்தப் பெண்மணி அழுதபோது இறங்கியது, தளர்ந்தபோது ஏறியது, உடையவில்லை. வண்டி ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். சற்றுப் பொறுத்து வயர்லெஸ்ஸில் ஒரு சொல் வந்தது: “துடிக்குது.”

ஸ்டாப்வாட்ச் ஹெட்செட்டைக் கழற்றி, மெதுவாக மேசையில் வைத்தார்.

“பதிவறைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்.” இரண்டடி போய்த் திரும்பினார். “அப்புறம், ஏழு. உன் பத்தொன்பதாம் தேதி ரெக்கார்டைப் போன மாசம் குரல் பயிற்சிக்கு அனுப்பினேனே, அதை நான் கேக்கல. கேக்கவும் போறதில்ல.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினாள். வாக்காவது ஒன்றாவது. இன்று சொல்லியே தீர வேண்டும்.

மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் மணிக்கட்டுக் கட்டைச் சுற்றப் போராடிக்கொண்டிருந்தார். கணவன் இன்னும் கடையிலிருந்து வரவில்லை.

“சீட்டு கிடைச்சுதா?”

“கிடைச்சுது அத்தை.”

“கிடைக்காம? தினமும் அஞ்சு வேளை நேரம் பார்த்துச் சொன்னது யாரு?” கையை நீட்டினார். “இந்தா, இதைச் சுத்திவிடு. இறுக்காதே.”

ஏழு எதிரே உட்கார்ந்து துணியைப் பிடித்தாள். ஒரு சுற்று சுற்றினாள். மூச்சை எடுத்தாள்.

“அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஃபோன் பொண்ணு...”

“ஆமாம், அவளுக்குத்தான் நானும் தினமும் நன்றி சொல்லிக்கிட்டிருக்கேன். நூத்தி எட்டு தடவை ஆச்சாம், உன் புருஷன் எண்ணி வச்சிருக்கான்.” மாமியாரின் இடது கை வந்து, துணி சுற்றிக்கொண்டிருந்த அவள் விரல்களின் மேல் உட்கார்ந்தது. “அவளா வந்து சொல்லட்டும்னுதான் பொறுத்திருந்தேன். ஒரே இடத்துலயே சுத்தறே பாரு. அன்னிக்கே சொன்னேனே, என் மருமக பயந்தாங்கொள்ளின்னு.”

ஏழு துணிச் சுருளை மடியில் நழுவவிட்டாள்.

“உங்களுக்கு... எப்படித் தெரியும் அத்தை? எப்பலேர்ந்து?”

“வண்டி வாசல்ல வந்து நின்னப்பவே. அதுக்கு அப்புறம்தான் உன்னைப் பத்தி உன்கிட்டயே பேசினேன், உனக்குத் தெம்பா இருக்கட்டுமேன்னு. முப்பத்திரண்டு வருஷம் தபால் பிரிச்சவம்மா நான். பதினோரு நிமிஷம் என்னை அந்த விரட்டு விரட்டினாளே அந்தப் பொண்ணு, ஒரு தடவைகூட அட்ரஸ் கேக்கவே இல்லையே!”